பாயசத்தைக் குடித்த ஜவ்வரிசி

சிதம்பரம்,
8.6.2009

அன்பு மச்சான் தட்சிணாமூர்த்திக்கு, கனகசபாபதி எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். நம்பித் தொலைக்க வேண்டாம்.

"பொண்ணு நல்லா படிக்குது மாமா, கெமிஸ்ட்ரியில பி.எச்டி. சேத்துவுடுங்க" என்று சொன்ன மகராசன் நீங்கள்தான். உங்கள் மருமகள் பிரியம்வதா இப்போது தண்ணீரைச் சுத்தம் செய்கிறாள். எதைக்கொண்டு? இறால் ஓட்டைக்கொண்டு. அதிலிருந்து கைட்டோசான் என்று ஒன்றை எடுத்து, வேறெதையோ அதோடு கோத்துக் கோபாலிமராக்கி, குட்டி உருண்டைகளாகக் காயவைத்தால் ஹைட்ரோஜெல்லாம். சாயத் தண்ணீரில் போட்டால் சாயத்தை இழுத்துக்கொண்டு உப்புமாம். வெங்காயமே யோசித்து நுழையும் வீட்டுக்கு இந்தப் பெருமை வேறு. ஆய்வுக்கூடத்தில் எலித் தொல்லை என்று, அந்த உருண்டைகளைக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு நம் அடுக்களை அலமாரியில் வைத்தாள். பாட்டில்மேல் பெயர் எழுத மட்டும் படித்த பிள்ளைக்கு நேரமில்லை.

நேற்று அவளைப் பெண் பார்க்கக் கடலூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ராஜகணேஷ், பேங்க் உத்தியோகம், சுத்த சைவம். தவம் கிடந்தாலும் இனி இப்படி ஓர் இடம் வராது. உங்கள் அக்கா சிவகாமு அந்த உருண்டைகளை ஜவ்வரிசி என்று எண்ணிப் பாயசம் வைத்தாள். பால் வற்றியது, ஊற்றினாள், அதுவும் வற்றியது. "ஏங்க, இந்த ஜவ்வரிசிக்குப் பேய் புடிச்சிருக்குது, இன்னொரு பாக்கெட் பால் வாங்கியாங்க" என்றாள். ஓடினேன். திரும்பி வந்தால், கேசரிப் பவுடரின் நிறத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு உருண்டைகள் கோலிக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தன. வேறு வழியில்லாமல் அதையே கிண்ணங்களில் போட்டுக் கொடுத்தோம். மாப்பிள்ளையின் தாயார் லோகநாயகி அம்மாள் ஸ்பூனை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து, "சாப்புடாதீங்க ஆன்ட்டி, அது எறா ஓடு!" என்று கத்திக்கொண்டு வந்தாள் நம் பெண். அடக்கமானவள் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். அத்தோடு விட்டாளா? "பாத்தீங்களா, கலரு பூரா புடிச்சிகிச்சி!" என்று கிண்ணத்தைத் தூக்கி ஒவ்வொருவருக்கும் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது.

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை வந்து, சேர்க்கச் சொன்ன அதே வாயால் இந்த ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லுங்கள். அவள் தாய்மாமன் பேச்சைத்தான் கேட்பாள். தங்கை மங்கலத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். பாயசம் தவிர எது வேண்டுமானாலும் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கனகசபாபதி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது போன் வந்தது. லோகநாயகி அம்மாள். "பொண்ண புடிச்சிருக்குதுங்க. அந்த எறா ஓட்டு வேலைய மட்டும் இன்னியோட வுட்டுடணும்" என்றார். மேலே நானே எழுதியிருப்பதும் அதுதான். ஆனால், "அத சொல்ல நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டேன். இடம் போயிற்று. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள்; அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். கடலூர்த் துறைமுகத்தில் நல்ல இறால் ஓடாக ஒரு சாக்கு வாங்கி வாருங்கள். உங்கள் அக்கா கேட்டால் பண்ருட்டிப் பலாப்பழம் என்று சொல்லிக்கொள்ளலாம்.