பேராசிரியர் மேல் தப்பில்லை

மனிதன் எதையும் தானாகச் செய்வதில்லை. ஆகவே எவன் மேலும் பழி போடக் கூடாது. இதை நிரூபிக்கத் தத்துவப் பேராசிரியர் பதினோரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு நானூறு பக்கத்துக்கு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அது அச்சகத்துக்கும் போய்விட்டது. படிக்க ஆள் கிடைக்கிறதோ இல்லையோ, அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டுமென்று மனுஷன் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரிலிருந்து வந்த மாமியாரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வர மறந்து தொலைத்தார். அந்த அம்மாள் இரண்டு மணி நேரம் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, தானே வாடகைக் கார் பிடித்து வந்து சேர்ந்தாள். மகளோடு மட்டும் ஏதோ குசுகுசுவென்று பேசிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

பேராசிரியர் அசரவில்லை. வகுப்பில் முந்நூறு பேரை வாயடைக்க வைத்தவர், வீட்டில் ஒருத்தியைச் சமாளிக்க மாட்டாரா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"நான் மறக்கல. மறதி எனக்குள்ள நடந்துச்சு."

"ஓகோ?" மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மூளை, வளர்ப்பு, பழக்கம்னு ஆயிரம் காரணம் சேர்ந்து நடத்துது. நான் சும்மா நடுவுல நின்னேன்."

"அப்ப உங்க மேல தப்பே இல்ல?"

"துளிகூட இல்ல. ஏழாவது அத்தியாயம்."

"ஏதாவது நல்லது செஞ்சா?"

"பாராட்டும் கிடையாது. அதுவும் ஏழுதான்."

"அப்பாடா! இப்பதாங்க எனக்கு உயிரே வந்துச்சு. பதிப்பாளர் போன் பண்ணி, அட்டையில பேர் எப்படிப் போடணும்னு கேட்டார். ஆயிரம் காரணம் சேர்ந்து எழுதின புத்தகத்துக்கு உங்க பேர் எதுக்கு? பேரே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பேராசிரியர் துள்ளிக் குதித்தார். "யாரைக் கேட்டுச் சொன்ன?"

"நானாங்க சொன்னேன்? என் வளர்ப்பு சொல்லிச்சு. வளர்த்தவங்க உள்ளதான் இருக்காங்க, போய்க் கேளுங்க."

"விளையாடாத! இது முழுக்க முழுக்க உன் தப்பு!"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தப்புன்னு ஒண்ணு இருக்குங்கறீங்க?"

"...இருக்கு."

"அப்ப உங்க தப்பை அம்மாகிட்ட ஒத்துக்குங்க. அடுத்த நிமிஷமே பதிப்பாளர்கிட்ட பேசறேன்."

பேராசிரியர் உள்ளே போனார். மாமியாரின் வீங்கிய கால்களைக் கண்டதும் அவருக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. அத்தியாயம் எதுவும் ஞாபகம் வரவில்லை.

"அத்தை, உங்களைக் காக்க வெச்சது என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

மாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"நீ சொன்னது சரிதான்டி. அந்தப் போன் பொய்யைச் சொன்னா ஆறு மணிக்குள்ள வந்து ஒத்துக்குவார்னியே, இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கியிருக்கு!"