சந்தனம் வைத்த மில்லிங் மிஷின்

"எங்க வீட்டுக்காரருக்கு பக்தி ஜாஸ்தி" என்று என் மனைவி தேவகி யாரிடமாவது சொன்னால், அது பாராட்டு இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காரணம் ஒரு மில்லிங் மிஷின்.

கடலூர் சிப்காட் பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். செம்மங்குப்பத்துக் கம்பெனி ஒன்று பம்பு ஷாஃப்டுகள் பன்னிரண்டைக் கொடுத்து, சாவி (ஷாஃப்டையும் சக்கரத்தையும் பிணைக்கும் சின்ன இரும்புக் கட்டை) உட்காரும் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டித் தரச் சொன்னது. சரியாக வந்தால் வருஷம் முழுக்க வேலை. அந்தத் தைரியத்தில் தேவகியின் தம்பி செல்வத்தை, பதினோரு வருஷ ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டு என்னோடு வரச் சொன்னேன். "நீங்க சொன்னா சரி மாமா" என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். காடி வெட்ட, ஏற்கெனவே ஓடிய மில்லிங் மிஷின் ஒன்று வாங்க வேண்டியதுதான் பாக்கி.

ஆயுத பூஜை அன்று கிளம்பினோம். (நாள் பார்த்தவன் நான்தான்.)

முதலில் சிதம்பரம். மிஷினை விற்க இருந்த ஸ்டெல்லா அக்காவின் பட்டறைக்கு அன்று லீவு இல்லை. அங்கே நின்றது நாற்பது வயது மிஷின். பெயிண்ட் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டு, ஒரு இரும்புத் துண்டில் காடி வெட்டிக் காட்டினார்.

"டேபிள் நடுவுல தேய்ஞ்சிருக்குங்க. ஓரமா வச்சி ஓட்டுனா தொல்லை இல்ல. சொல்லாம விக்கக் கூடாது பாருங்க."

கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலைச் செல்வம் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. "மாமா, இதையே எடுத்துக்கலாம்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. அவரே ஒரு குறையைச் சொல்கிறார் என்றால் சொல்லாதது எத்தனை இருக்கும் என்று யோசித்த மேதை நான்.

மத்தியானம் கடலூர் முதுநகர். இங்கே பத்து வயது மிஷின். பச்சைப் பெயிண்ட், நம்பர் காட்டும் டிஸ்ப்ளே, சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. என் கை தானாகக் கும்பிட்டது.

"ஓட்டிப் பாக்குறீங்களா சார்?" என்று விற்பவர் கேட்டார். (ஆமாம், அவரேதான் கேட்டார்.)

"பூஜை போட்ட மிஷினை இன்னைக்கு ஓட்டுறதா? வேணாங்க."

செல்வம் ஸ்பிண்டிலை நோக்கிக் கையை நீட்டினான். "டேய், குங்குமம் கலையும்டா!" என்று அதட்டினேன்.

"ஒரே ஒரு தடவ மாமா..."

"சாமி விஷயத்துல வெளையாடாத."

கையை எடுத்துக்கொண்டான்.

மிஷின் வந்தது. முதல் ஷாஃப்டை வெட்டியதும் அளந்து பார்க்கலாம் என்றான் செல்வம். நம்பரே வருகிறதே, அளப்பது எதற்கு என்று பன்னிரண்டையும் வெட்டி முடித்தேன். கம்பெனியில் இன்ஜினீயர் காடியில் சாவியை வைத்து ஒரு விரலால் தட்டினார். கடகடவென்று ஆடியது. டிஸ்ப்ளே சொன்னது டேபிள் நகர்ந்த கணக்கை மட்டும்தான். ஸ்பிண்டில் பேரிங் தேய்ந்து, கட்டர் ஆடி, காடி அகலமாகிப்போன விஷயம் அதற்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டும் அப்படியே.

"ஷாஃப்டை வச்சிட்டுப் போங்க. இனிமே வர வேணாம்."

திரும்பும் வழியில் செல்வம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த மாதம் பழைய கம்பெனிக்கே கான்ட்ராக்ட் ஆளாகப் போனான். பதினோரு வருஷ சர்வீஸ் என்னால் போயிற்று.

பிறகு திரும்பப் போய் வாங்கிய ஸ்டெல்லா அக்காவின் மிஷின்தான் இப்போது எங்களுக்குச் சோறு போடுகிறது. ஓரமாக வைத்துத்தான் ஓட்டுகிறேன். செல்வத்தைத் திரும்பக் கூப்பிட்டேன். "பாக்கலாம் மாமா" என்கிறான், அவ்வளவுதான்.

ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவான். நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாலே தேவகி தடுப்பாள்: "இருங்க, தம்பி மொதல்ல ஆட்டிப் பாக்கட்டும்." ஸ்பிண்டில், மிக்சி, பையனின் சைக்கிள் என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துச் சொல்வான். வீடே சிரிக்கும்.

போன வருஷம் எல்லாம் முடிந்த பிறகு, என் தோள் இரண்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"இதுவும் ஓடும்க்கா, வை" என்றான்.

தேவகி என் நெற்றியில் சந்தனம் வைத்தாள்.