துவைக்கக் கூடாத துணி

குந்தாரப்பள்ளிச் சந்தையில் அன்று மாட்டை விலை பேச ஆளில்லை. மாடுகளைத் தவிர மற்ற எல்லோரும் அக்கினிக் கவசானந்தரின் பந்தலில் இருந்தார்கள். கர்நாடகத்தில் அவர் தமிழ்நாட்டுச் சாமி; தமிழ்நாட்டில் கர்நாடகத்துச் சாமி. எல்லையோரத்தில் தொழில் செய்வதில் இப்படியொரு வசதி உண்டு.

முன்வரிசையில் சென்னப்பன் நின்றார். மலையோரக் கிராமத்து விவசாயி. கோடையில் காடு பற்றிக்கொண்டால் வனத்துறையோடு போய்த் தீயணைக்கும் ஊர்க் குழுவுக்குத் தலைவர். போன கோடையில் குழுவில் இருந்த அசோக்குமாருக்குப் பாலியஸ்டர் பனியன் உருகி முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த அலறல் இன்னும் சென்னப்பனின் காதைவிட்டுப் போகவில்லை. இந்த வருடம் எல்லோருக்கும் நல்ல துணியாக எடுத்தே தீர வேண்டும்.

வனத்துறை ஒரு மாதிரித் துணி காட்டியிருந்தது. நூலிலேயே தீயைத் தாங்கும் குணம் உள்ளதாம். கனம், சாணி நிறம். பார்த்தால் பக்தியே வரவில்லை. தீ தொடாது என்று சாமி மந்திரித்து விற்ற பருத்தித் துணியோ காவி, மெல்லிசு, ஓரத்தில் சரிகை வேறு!

சாமி லைட்டரைத் துணிக்கு அடியில் பிடித்தார். துணி கருகியது, எரியவில்லை.

"அந்தக் கருப்பு என்னங்க சாமி?" என்றது ஒரு குரல்.

"அது உங்க பாவம்."

அரோகரா சத்தத்தில் மாடுகள் மிரண்டன.

"எங்க குழுவுக்குப் பூரா இதையே குடுத்துடுங்க சாமி," என்று சென்னப்பன் கைகூப்பினார். அவருக்குப் பின்னாலிருந்து மணிமேகலை முன்னே வந்தாள். அசோக்குமாரின் மனைவி, அவளும் தீக்குள் இறங்குகிறவள்தான்.

"சாமி, இதைத் துவைக்கலாங்களா?"

"கூடாதும்மா. மந்திரம் போயிடும்."

"வேர்த்தா?"

சாமி கொஞ்சம் யோசித்தார். "பக்தியோட வேர்த்தா ஒண்ணும் ஆகாது."

"நெருப்பு கிட்ட நின்னா சட்டையைப் பிழியற அளவுக்கு வேர்க்குதுங்க. அதுல எது பக்தி வேர்வைன்னு யார் பிரிக்கறது?"

"சாமிகிட்ட வாயாடாதம்மா," என்று சென்னப்பன் பதறினார். அதற்குள் அவள் துணியில் பாதியைக் கிழித்து, மாட்டுக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரில் நன்றாக அலசி, வெயிலில் நின்ற டெம்போவின் மேல் விரித்துவிட்டாள். காய்ந்ததும் தீக்குச்சி கிழித்து வைத்தாள். குபீரென்று எரிந்தது, சரிகையோடு.

"சந்தேகக் கை பட்டுது. மந்திரம் கோவிச்சுக்கிச்சு," என்றார் சாமி. கூட்டம் தலையாட்டியது. அது அதற்குச் சுலபமாக வரும்.

சென்னப்பனும் ஆட்டத்தான் போனார். அசோக்குமாரின் முதுகு கண்முன் வந்தது. தலை நின்றுவிட்டது.

"அப்போ உங்க சிஷ்யர் கோபியே துவைக்கட்டுங்க. அவருக்கென்ன பக்தி குறைச்சலா?"

கோபி மீதிப் பாதியை மந்திரம் சொல்லித்தான் துவைத்துக் காயவைத்தான். அதுவும் எரிந்தது. பயந்துபோன கோபி சாமியின் காதில் கிசுகிசுத்தான்: "மறுபடி பவுடர் தண்ணில முக்காம ஏன் சாமி காட்டச் சொன்னீங்க?"

சாமியின் கழுத்தில் தொங்கிய மைக் அதைச் சந்தை முழுக்க அறிவித்தது.

பந்தலுக்குப் பின்னால் ஒரு பேரல் இருந்தது. வெங்காரமும் கேரம் பலகைக்குப் போடும் பவுடரும் கரைத்த தண்ணீர். பருத்தியை அதில் முக்கிக் காயவைத்தால் தீ லேசில் பற்றாது. அலசினால் எல்லாம் கரைந்து போய்விடும். மந்திரமும் அத்தோடு போய்விடும்.

சென்னப்பன் வீட்டுக்குப் போய், வனத்துறைத் துணியையும் பலமுறை துவைத்துத் தீ வைத்துப் பார்த்தார். "அவங்க சொன்னா மட்டும் சும்மா நம்பிடறதா?" என்றார் மணிமேகலையிடம். சாணி நிறம் தேறியது. குழுவுக்கு அதுவே வந்தது.

அன்று சந்தையிலிருந்து சாமியின் வேன் கிளம்பும்போதும் நாலைந்து பேர் பின்னாலேயே ஓடிப்போய்த் திருநீறு கேட்டு வாங்கி நெற்றியில் பூசி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். போடுங்கள் ஐயா, தாராளமாகப் போடுங்கள். இரண்டு கன்னத்துக்கும் மேலே தலை என்று ஒன்று இருக்கிறது; அதையும் எப்போதாவது தட்டிப் பாருங்கள்.