நான்காவது வரியில் யார்?

ஒரு காட்டில், மழைக்குப் பஞ்சம் வந்தாலும் விழாவுக்குப் பஞ்சம் வராத ஒரு காட்டில், உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே ஒன்பதாம் வகுப்பில் வேம்பி என்ற அழுங்கு, அதாவது எறும்புதின்னிப் பெண் படித்தாள். உடம்பெல்லாம் செதில், கையில் நீள நகம், வாயில் அதைவிட நீளமான நாக்கு. யாராவது பெயரைக் கேட்டால் போதும், வெட்கத்தில் பந்தாகச் சுருண்டுவிடுவாள்.

காட்டுக்கு இருந்தது ஒரே குளம். அதை வெட்டியது யாருடைய முன்னோர் என்பதை வைத்துத்தான் தண்ணீர் குடிக்கும் வரிசை. "எங்க முன்னோர்தான்" என்றன புலிகள். யாரும் மறுத்துப் பேசவில்லை. "கூடவே எங்க முன்னோரும்" என்றன காட்டெருமைகள். அதற்கும் பெரிதாக எதிர்ப்பில்லை. அழுங்குகள் கடைசியில் நின்று, மற்றவர்கள் கலக்கிவிட்டுப் போன சேற்றைக் குடித்தன. வேம்பிக்கு இது பொறுக்கவே இல்லை. இத்தனை பெரிய குளத்தைக் குளம்பாலா வெட்டியிருப்பார்கள்? புலிக்கு இருப்பது கிழிக்கிற நகம்; தோண்டுகிற நகம் வேண்டாமா?

அந்த வருஷம் நாரை டீச்சர் வரலாற்று மன்றம் தொடங்கி, ஆளுக்கொரு செயல்திட்டம் செய்யச் சொன்னார். மற்ற பிள்ளைகள் தெர்மகோல் கோட்டை செய்தார்கள், அதாவது அவர்களுடைய அப்பா அம்மா செய்தார்கள். வேம்பி குளக்கரைக்குப் போய்த் தோண்டினாள். ஒரு கல் தட்டுப்பட்டது. அதில் சாக்பீஸ் தூளைத் தேய்த்ததும் எழுத்துகள் வெள்ளையாக எழும்பின.

'இக்குளம் வெட்டிய நாளில் தலைமை தாங்கியவர் பெரும்புலியார்.'

'முன்னிலை வகித்தவர் காட்டெருமையார்.'

'பொன்னாடை அளித்தவர் வௌவாலார். மண் தோண்டியவர்'

அதற்குக் கீழே மண். நான்காவது வரி பூமிக்குள் இருந்தது. வேம்பியின் செதிலெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. அடுத்த வரியில் ஓர் அழுங்கின் பெயர் மட்டும் இருந்துவிட்டால், நாளையிலிருந்து வரிசையே மாறிவிடும்.

செய்தி கேட்டுத் தலைமையாசிரியர் காட்டெருமை மூச்சு வாங்க ஓடி வந்தார். "தோண்டறத நிறுத்து! முதல்ல விழா."

"சார், இன்னும் ஒரே ஒரு வரிதான்..."

"தோண்டிக்கிட்டே இருந்தா பந்தல் எங்கம்மா போடறது?"

கல்வெட்டு கண்டெடுப்பு விழா அமர்க்களமாக நடந்தது. காட்டு மன்றத் தலைவர் புலி தாமதமாக வந்து, நேரத்தின் அருமை பற்றி நெடுநேரம் பேசினார். நினைவுக் கல் ஒன்றும் திறந்து வைத்தார். தலைமை புலி, முன்னிலை காட்டெருமை, வாழ்த்துரை நரி, ஒலிபெருக்கி தவளை, பொன்னாடை உபயம் வௌவால் என்று அதில் எல்லாப் பெயரும் இருந்தது. வேம்பிக்கு இடம் போதவில்லை. படம் எடுக்க அவளை மேடைக்குக் கூப்பிட்டதும் அவள் சுருண்டுவிட்டாள். புலி அவள்மேல் ஒரு காலை வைத்துக் கம்பீரமாக நின்று, "நல்ல வழவழப்பான கல்லு" என்று பாராட்டினார்.

புதுக் கல் பழைய கல்லைவிடப் பெரியது. படத்துக்கு வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறது என்று பழைய கல்லின் மேலேயே அதை நிறுத்தி, சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டார்கள். வேம்பி அழுதாள். நாரை டீச்சர் ஒற்றைக் காலில் நின்று தேற்றினார்.

"அழாதடா கண்ணு. உன் கல்லு உள்ள பத்திரமா இருக்கு. இனிமே யாராலயும் அத அசைக்க முடியாது."

மறுநாள் மதிய இடைவேளையில் வேம்பி பக்கவாட்டில் வளை தோண்டி உள்ளே இறங்கினாள். ஒரே இருட்டு. நாக்கை நீட்டி, எழுத்தெழுத்தாகத் தடவிப் படித்தாள்.

'மற்றும் பலர்.'

தேய்ந்து போயிருக்குமோ என்று இன்னொரு முறை நக்கிப் பார்த்தாள். இல்லை, நன்றாக ஆழமாகத்தான் செதுக்கியிருந்தார்கள். அத்தனை நகம் தேய்ந்ததற்கு இரண்டே சொல்! அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அதை அப்படியே செயல்திட்டத்தில் எழுதிக் கொடுத்தாள். படித்துவிட்டு நாரை டீச்சர் கண் கலங்கினார். தலைமையாசிரியரும் கலங்கினார். "அடப்பாவமே! தோண்டினவங்கள இப்படி மறந்துட்டமே. அவங்களுக்கு ஒரு நன்றி விழா எடுத்துடுவோம். தலைமை புலி, முன்னிலை வழக்கம்போல நான்."

"கல்லுல தோண்டினவங்க பேரு, சார்?" என்று கேட்டார் டீச்சர்.

"கடைசில இடம் இருந்தா பார்க்கலாம். இப்ப பொன்னாடைதான் பிரச்சினை. வௌவால் கைய விரிச்சுட்டாரு."

இதையெல்லாம் அறை மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வேம்பி வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருளாமல் எழுந்து நின்றாள்.

"பொன்னாடை நான் தரேன், சார்."

செம்மறி அத்தையிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சால்வை வாங்கினாள். விழாவும் நடந்தது. அவள் தோண்டிய வளையை மூடி, அதன் மேலேயே மூன்றாவது கல்லை நட்டார்கள். அதில் தலைமை, முன்னிலைக்கு அடுத்து, 'பொன்னாடை உபயம்: செல்வி வேம்பி' என்று பொன் எழுத்தில் இருந்தது. தோண்டியவர்களுக்கும் கடைசியில் இடம் இருந்தது, இரண்டு சொல்லுக்கு.

மறுநாள் காலை குளத்தில் புலிகள் குடித்தன, எருமைகள் குடித்தன. "பொன்னாடை அம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க!" என்று யாரோ குரல் கொடுக்க, நரிகள் ஒதுங்கி நின்றன. வேம்பி குனிந்தாள். தண்ணீரில் தன் முகம் தெரிந்தது. முதலில் அது யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை.

வரிசையின் கடைசியில் அவளுடைய அம்மா நின்று பெருமையோடு கையை ஆட்டினாள். வேம்பி தண்ணீரைக் கலக்காமல் குடித்துவிட்டு நகர்ந்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். பின்னாலேயே நரிகள் திபுதிபுவென்று இறங்கின.

நீதி: வரலாற்றில் உன் பெயர் நிலைக்க வேண்டுமானால் குளத்தைத் தோண்டாதே, தோண்டி முடிகிற அன்றைக்குச் சால்வையோடு போய் நில்.