மரங்கொத்தி தட்டிப் பார்த்த கார்

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு கரடி இருந்தது. காடு என்பது பழக்கதோஷத்தில் சொல்வது, பாதிக்கு மேல் மனைப்பிரிவாகிவிட்டது. கரடிக்கு ஒரே ஒரு மனக்குறை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் மனைவியின் அண்ணன் நாலு பேர் முன்னால், "நடந்தா வந்தீங்க மாப்பிள்ளை?" என்று கேட்பார். கரடி நடந்துதான் வந்திருக்கும். மைத்துனரும் கரடிதான், ஆனால் ஜீப் வைத்திருந்தார். ஜீப் வைத்திருப்பவரை 'அது' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அவருடைய புதுக் குகைக்குக் கிரகப்பிரவேசம் வந்தது. இந்த முறை காரில் போய் இறங்குவது, இல்லாவிட்டால் போவதே இல்லை என்று மாசிலாமணி முடிவு செய்தது. போகாவிட்டால் மனைவி சும்மா விடமாட்டாள். ஆகவே கார் வாங்கியே தீர வேண்டும்.

ஆற்றோரம் பழைய கார் விற்ற நரியின் பெயர் தவசிமுத்து. அது காட்டிய இடத்தில் எது புதர், எது கார் என்று பிரித்துப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பழைய சிங்கராஜா போன வண்டி, சிங்கிள் ஓனர் என்றது நரி. ஆர்.சி. புத்தகம் எங்கே என்று கரடி கேட்டது. அதைக் கரையான் தின்றுவிட்டதாகவும், தின்ற கரையான் உயிரோடுதான் இருப்பதாகவும், வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம் என்றும் நரி சொன்னது. விலை, கரடி சேர்த்து வைத்திருந்த தேன் மொத்தமும்.

நீதிக்கதைகளில் வருகிற கரடி மாதிரி இது முட்டாள் இல்லை. விவரம் தெரிந்த ஆளிடம் காட்டாமல் வாங்கக் கூடாது என்று ஞானப்பிரகாசம் என்ற மரங்கொத்தியைக் கூட்டி வந்தது. தட்டிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும். நேர்மையானது வேறு. அங்கேதான் வினையே.

மரங்கொத்தி கதவில் தட்டியது. அலகு அந்தப் பக்கம் போய்விட்டது. "தகரமில்லண்ணே, புத்துமண்ணு. துரு தெரியாம பூசியிருக்காரு," என்றது. கூரையில் தட்டியது, வானம் தெரிந்தது. தரையில் தட்டியது, உள்ளே குடியிருந்த பெருச்சாளிக் குடும்பம் மூட்டை முடிச்சோடு இறங்கிப் போனது. வேலை என்று வந்துவிட்டால் மரங்கொத்திக்கு நிறுத்தத் தெரியாது. இந்தக் கார் ஒரு கரண்டித் தேன்கூடப் பெறாது என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டது.

கரடி குஷியாக விலையைக் குறைக்கச் சொன்னது. நரி ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தது.

"நீங்க வரும்போது இதுல ஓட்டை இருந்துச்சா?"

"இல்ல."

"இப்ப இருக்கு. இனி இதை நான் யார் தலையில கட்டுறது? தேனை வச்சிட்டு வண்டியை எடுத்துட்டுப் போங்க."

கரடிக்கு அழுகைதான் வந்தது. தேன் போயிற்று.

கிரகப்பிரவேசத்தன்று கார் கிளம்பவில்லை. வழியெல்லாம் தள்ளிக்கொண்டு போய், குகைக்கு முன்னால் இருந்த இறக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மாசிலாமணி காரில் வந்து இறங்கியது. கதவைத் திறந்தது. கதவு கையோடு வந்துவிட்டது. கூட்டம் கூடிற்று. மைத்துனர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இத்தனை ஓட்டை?"

இத்தனை காலம் பட்ட அவமானமெல்லாம் கரடியின் நாக்கில் வந்து நின்றது.

"துப்பாக்கிக் குண்டு மச்சான். வேட்டைக்காரங்க சுட்டப்போ சிங்கராஜா தப்பிச்சு வந்தது இந்த வண்டியிலதான்."

ஒரு கிழட்டு யானை ஓட்டைகளைத் தும்பிக்கையால் தடவிக் கண்ணீர் விட்டது. அந்த வெடிச்சத்தம் இன்னும் காதிலேயே இருப்பதாகவும் சொன்னது. பந்தி முடிவதற்குள் மைத்துனர் தன் ஜீப்பைக் கொடுத்துக் காரை வாங்கிக்கொண்டார். வாங்கும் முன் ஓட்டைகளை நன்றாகப் பார்த்து, டிக்கிப் பக்கம் கொஞ்சம் குறைவுதான் என்று வருத்தப்பட்டார்.

மாசிலாமணி அவர்கள் ஜீப்பில் வீடு திரும்பினார். புறப்படும்போது, வீடு போய்ச் சேர வேறு வழியில்லாமல் நடக்கத் தொடங்கிய ஒரு முயலிடம், "நடந்தா போறீங்க?" என்று விசாரித்தார்.

சேதி நரிக்கும் எட்டியது. இப்போது மரங்கொத்திக்கு அங்கே மாதச் சம்பளம். நல்ல கார்களை வரிசையாக நிறுத்தித் தட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டால், இப்போதும் நேர்மையாகத்தான் தட்டுகிறேன் என்கிறது.

நீதி: துருப்பிடித்த காரை வாங்கும் முன் தகரத்தைச் சோதிக்காதீர்கள். கூசாமல் பொய் வருமா என்று உங்கள் வாயைச் சோதித்துக்கொள்ளுங்கள்.