மூன்று நாளில் பதில் இல்லையென்றால் லீவு

அன்பு மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் சௌக்கியம். அங்கே நீங்களும் நிறைமாதமாக இருக்கும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு மணி நேரம் பொறுமையாகப் போனில் சொல்லிக்கொடுத்தீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். பிரசவத்துக்கு வந்து நிற்பேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எங்கள் மெத்தைக் கம்பெனியிலோ லீவு வேண்டுமென்றால் ஆபீஸ் செயலியில் விண்ணப்பம் போட வேண்டும், அது தானாக மேனேஜருக்குப் போகும், அவர் 'சரி' அழுத்தினால்தான் லீவு, அவர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. செயலியைப் பராமரிக்கும் வேலையை என் தலையில் கட்டியிருப்பதால், நீங்கள் சொன்னபடியே உள்ளே போய், மூன்று நாளில் பதில் வராவிட்டால் சரி என்றே எடுத்துக்கொள் என்று ஒரு படியைச் சேர்த்தேன். புதிய விண்ணப்பங்களுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று கேட்டது. ஓரவஞ்சனை நமக்கு ஆகாது, எல்லாவற்றுக்கும் என்று அழுத்தினேன். அழுத்தியதுதான் தாமதம், நான்கு வருடமாகக் கிடப்பில் கிடந்த இருநூற்றுச் சொச்சம் லீவும் ஒரே மூச்சில் கிடைத்துவிட்டது. தையல் பிரிவு அம்மாள் நேரே என்னிடம் வந்து, "போன வருஷம் நான் கேட்ட அன்னைக்கு எனக்கு லீவாம் சார். தெரியாம வேலைக்கு வந்துட்டேன். அந்த நாளை இப்ப குடுங்க" என்றார். நியாயந்தானே. அவரைப் பார்த்து எல்லாரும் கேட்க, மறுநாள் கம்பெனியில் நானும் மேனேஜரும் மெத்தைகளும்தான்.

மேனேஜர் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு போனேன். அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார்; அவருடைய லீவுக்கும் 'சரி' விழுந்திருந்தது. "என் லீவு விண்ணப்பமும் எனக்கேதான் வரும். எனக்கு நானே எப்படிச் சரின்னு போடறது? வெக்கமா இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். ரொம்ப நன்றிங்க." மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே மனைவியோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார். எல்லாம் உங்கள் புண்ணியம் மாப்பிள்ளை. நான் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் இத்தனை பொறுமை இருந்திருக்காது.

உங்களுக்கும் மகளுக்கும், இன்னும் முகம் காட்டாதவருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் லீவு வாங்கிக் கொடுத்த அலைச்சலில் என் விண்ணப்பத்தை நான் போடவே இல்லை. இப்போது போட்டால் மூன்று நாள் ஆகும். டாக்டர் சொன்ன தேதி நாளை மறுநாள். அதனால் யாரையும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன், முப்பது வருடத்தில் முதல் தடவையாக. கடிதம் என் சட்டைப்பையில் வருகிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். மகளிடம் மட்டும் லீவு கிடைத்துவிட்டது என்றே சொல்லுங்கள்.