மேசன் என்று பேர் வைத்த மகளுக்கு

அன்பு மகள் தமிழ்வாணிக்குத் திருமங்கலத்திலிருந்து அப்பா கண்ணுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். இங்கிலாந்தில் நீயும் மாப்பிள்ளை இம்மானுவேலும் பேரப்பிள்ளைகள் இருவரும் குளிருக்கு அடக்கமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பிள்ளை முகத்தைக் காட்டி என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மூத்தவனுக்குச் சம்பந்தி பேர், இளையவனுக்கு என் பேர் என்பது உன் கல்யாணத்தன்றே பேசி முடித்தது. அதை நம்பி, ‘சீமையில் பிறந்த இளைய கண்ணுச்சாமியே வருக’ என்று தெருமுனையில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ் கட்டினேன். ஏணியை விட்டு இறங்குவதற்குள் உன் மெசேஜ் வந்தது: மேசன். கொத்தனாருக்கு இங்கிலீசுல மேசன்னு எனக்கா தெரியாது? முப்பத்தெட்டு வருசமா சைட்டுல இன்ஜினியர் நோட்டுல ‘மேசன் ரெண்டு, ஹெல்பர் நாலு’ன்னு எழுதுறாரு, அந்த ரெண்டுல ஒண்ணு நான்தானே! உன்னை நர்சுக்குப் படிக்க வச்சது, பேரனை மறுபடி சாரத்துல ஏத்தவா? எங்களையெல்லாம் ஊருல யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டா? ‘ஏய், கொத்தனாரு!’ அம்புட்டுத்தான். எம் பேரனாவது பேரோட இருக்கட்டும்னு நெனச்சேன். அன்னைக்குச் சோறு எறங்கல ஆத்தா.

ஆத்திரத்தில் மறுபடி ஏறி, ஃபிளெக்ஸில் இருந்த என் பேர்மேல் வெள்ளை சிமெண்டை அடித்தேன். “கொத்தனாரே, எறங்குங்க, இடுப்பு போயிரும்!” என்று உன் அம்மா கீழே நின்று கத்தினாள். பிளாஸ்டிக்கில் சிமெண்டு நிற்குமா? மறுநாள் வெயிலுக்குப் பாதி உதிர்ந்து, ‘இளைய சாமியே வருக’ என்று நின்றது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அதற்கடுத்த நாள் பரவையில் ஜெயக்கொடி டீச்சர் வீட்டில் குளியலறைப் பூச்சு வேலை. பூசியதையே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருந்தேன் போல, என்ன விசயம் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

“கண்ணுச்சாமி, அந்த ஊர்ல ஸ்மித்துன்னா கொல்லர், கார்ட்டர்னா வண்டிக்காரர். முன்னாடி தொழிலுக்குச் சொன்னது, அப்புறம் குடும்பப் பேராச்சு, இப்பப் பிள்ளைகளுக்கே வைக்கிறாங்க. மேசன்கிறது பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து வந்த வார்த்தை. அமெரிக்காவுல ஊறுகாய் போடுற கண்ணாடி ஜாடிக்கும் அதே பேரு. மண்ணைக் குழைச்சுக் கூடு கட்டுற ஒரு தேனீக்கும் அதே பேரு. அங்க யாரும் இந்தப் பேரை வச்சு உங்க பேரனைக் கீழா பார்க்க மாட்டாங்க.”

“சத்தியமாவா டீச்சர்?” என்று மூன்று தடவை கேட்டேன். அப்பாடா! நெஞ்சிலிருந்த கருங்கல்லை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அழுதே விட்டேன், நிம்மதியில்தான். சுவருக்கு நேர் பார்க்கத் தூக்குக்குண்டு இல்லாமல் வீடு கட்டுகிற அந்தத் தேனீயைக்கூட ஒரு தடவை பார்க்க ஆசை.

ஆகவே உன்னை மன்னித்தேன். ஆனால் ஒரு கண்டிசன். பள்ளிக்கூடத்தில் மேசன், வீட்டில் கண்ணுச்சாமி. காதுகுத்துப் பத்திரிகையிலும் கண்ணுச்சாமிதான். இதில் மாற்றமே கிடையாது. பெரியவனுக்கு முத்தம். நோய்நொடி அண்டாமல், கட்டிய சுவர் மாதிரி எல்லோரும் நிலைத்திருங்கள்.

இப்படிக்கு,
அப்பா கண்ணுச்சாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “அவளை எதுக்கு வையுறீக? வைக்கச் சொன்னதே நான்தான். உங்க பேரை வச்சா அந்தப் பிள்ளையை நான் எப்படிக் கூப்பிட? புருசன் பேரை என்னைக்கு நான் சொல்லியிருக்கேன்? உங்களை எப்படிக் கூப்பிடுறேனோ அதையே அந்த ஊருப் பேச்சுல வை தாயின்னேன்” என்றாள். முப்பத்தைந்து வருடமாக அவள் ‘கொத்தனாரே, சாப்பிட வாங்க’ என்னும்போதெல்லாம், வேலையைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்றே எழுந்து போயிருக்கிறேன். கண்டிசன் ரத்து. பேரனுக்கு என் பேரைத்தான் வைத்திருக்கிறாய். புது ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவிட்டேன்.